பீரோவுக்குள் பதினெட்டு வருடம்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம்.

மூன்று மாதமாக மகள் வீட்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்று ஒரு ஊர். காய்கறிக் கடைக்குப் போனால் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். வெளிநாடு வந்த உணர்வே இல்லை, வெயில் உட்பட.

போன சனிக்கிழமை பேரன் வந்து, "தாத்தா, மியூசியம் போலாமா?" என்றான். நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டேன். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் மியூசியம் என்று சொன்னால் போதுமே. காரில் ஏறிய பிறகுதான் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அது வீடியோ கேம் மியூசியம்."

என்னிடம் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய் டோக்கன். டைனோசர்கள் வரும் அந்தச் சண்டை விளையாட்டுக்கு உங்களில் பலர் வைத்த பெயர் 'முஸ்தபா'. (அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993ல் ஜப்பானின் காப்காம் கம்பெனி செய்தது, முஸ்தபா அதில் வரும் ஒரு கதாபாத்திரம் என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.) டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே நின்றவர்களைக் காதைப் பிடித்து இழுத்து வந்தவன் நான். அந்தக் கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்தாலே உள்ளே குரல் கொடுப்பார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆக, அப்படிப்பட்ட ஆள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போனேன்.

நேஷனல் வீடியோகேம் மியூசியம் என்பது அதன் பெயர். நகராட்சிக்குச் சொந்தமான டிஸ்கவரி சென்டர் கட்டடத்தில் 2016 ஏப்ரலில் திறந்திருக்கிறார்கள். ஜான் ஹார்டி, ஷான் கெல்லி, ஜோ சான்டுல்லி என்று மூன்று பேர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பொருட்கள்தான் அதன் அடித்தளம். 1999ல் இருந்து கிளாசிக் கேமிங் எக்ஸ்போ என்று கண்காட்சி நடத்தி, சேர்த்ததை ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். கடைசியில் இந்த ஊரில் நிரந்தரமாக இடம் கிடைத்திருக்கிறது.

மியூசியம் என்றால் என் மனதில் ஒரு படம் உண்டு. கண்ணாடிப் பெட்டி, மங்கிய சீட்டு, மூலையில் நாற்காலி போட்டு ஒரு காவலர், சுவரில் 'தொடாதீர்கள்'. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுதான் மரியாதை. அதே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். நாலு எட்டு வைப்பதற்குள் பேரன் என் கையைப் பிடித்து இழுத்து ஒரு பெரிய குமிழ்மேல் வைத்தான். எதிரே சுவரளவுக்கு ஒரு டிவி. அதில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே புள்ளி வைத்த வலை, ஒரு சதுரப் பந்து. பாங் விளையாட்டு.

குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் போகும், பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1972ல் இதன் மூல மெஷினில் விளையாட்டு விதியை ஒரே வரியில் எழுதியிருந்தார்களாம்: பந்தைத் தவறவிடாமல் அடித்தால் புள்ளி கூடும் என்று. நம் வினாத்தாளின் முதல் பக்கக் குறிப்புகள் நினைவுக்கு வந்தன. பேரனிடம் படுதோல்வி அடைந்தேன். இன்னொரு முறை என்றேன். அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

இயற்பியல் வாத்தியாருக்கு பாங் ஒரு விருந்து. அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது, புரோகிராம் கிடையாது. அட்டாரி கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் இன்ஜினியர் வெறும் லாஜிக் சிப்புகளை வைத்துக் கட்டியது. மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்து, பந்து எந்தத் துண்டில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பும்படி செய்திருக்கிறார். சர்க்யூட்டில் ஒரு குறை இருந்தது: மட்டை திரையின் மேல் ஓரம் வரை போகாது. அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். குறை இருந்தால்தான் ஆட்டம் முடியும், இல்லையென்றால் தேர்ந்த இருவர் விடிய விடிய ஆடுவார்கள் அல்லவா? சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் முதல் மெஷினை வைத்தார்கள். சில நாளில் ரிப்பேர் என்று அழைப்பு. போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து நின்றுபோயிருக்கிறது.

உள்ளே போகப் போக ஒவ்வொன்றும் இப்படி ஒரு கதை. அதே 1972ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, வீட்டு டிவியில் ஆடுகிற முதல் கருவி. அதற்குச் சத்தமும் கிடையாது, புள்ளி எண்ணவும் தெரியாது. திரைமேல் ஒட்டிக்கொள்ள வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் தாள், தாயக்கட்டை, விளையாட்டுப் பணம் எல்லாம் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். இந்த யோசனை ரால்ஃப் பேயர் என்பவருடையது. ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்து 1938ல் குடும்பத்தோடு தப்பி வந்த யூதர். 1966ல் நியூயார்க்கில் ஒரு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது, எல்லார் வீட்டிலும் இருக்கிற டிவியை வைத்து நிகழ்ச்சி பார்ப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்யக் கூடாதா என்று நினைத்துக் குறித்து வைத்திருக்கிறார். நம் பஸ் ஸ்டாண்டுகளில் எத்தனை யோசனை வந்து பஸ் வந்ததும் மறந்து போனதோ!

1976ல் வந்தது ஃபேர்சைல்டு சேனல் எஃப். கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிச் செருகி வேறு வேறு ஆட்டம் ஆடலாம் என்பது அங்கேதான் ஆரம்பம். அந்தக் குழுவை நடத்தியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின இன்ஜினியர். அடுத்த வருடம் வந்த அட்டாரி 2600க்குத் தற்காலிக நினைவகம் 128 பைட். நூற்று இருபத்தெட்டு! இந்தப் பதிவின் முதல் பத்தி கூட அதில் அடங்காது. அதற்குள் பந்து எங்கே, எதிரி எங்கே, புள்ளி எவ்வளவு என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கருவிக்கு ரிவர் ரெய்டு என்ற ஆட்டத்தை 1982ல் எழுதியவர் கரோல் ஷா, ஒரு பெண்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதை. 1978ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ தனியாளாக உருவாக்கியது. வரிசையாக எதிரிகள் இறங்கி வருவார்கள், சுடச்சுட மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடும், நெஞ்சு படபடக்கும். அந்த வேகத்தை அவர் திட்டமிடவில்லை. திரையில் நிறைய உருவம் வரைய வேண்டியிருந்ததால் மெஷின் திணறி மெதுவாக ஓடியது, உருவம் குறையக் குறைய அதன் சுமை குறைந்து வேகமானது. பார்த்தார், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். சுமைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! ஒரு பையனின் நெஞ்சு கூட அதற்காகப் படபடத்ததில்லை, பரீட்சைக்கு முந்தின நாளைத் தவிர.

எண்பதுகளின் ஒரு வீட்டுக் கூடத்தையும், ஒரு பையனின் படுக்கையறையையும் அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். போய் உட்கார்ந்து விளையாடலாம். கடைசியில் பிக்சல் டிரீம்ஸ் என்று இருட்டாக ஒரு பெரிய அறை, எண்பதுகளின் ஆர்கேட். டிக்கெட்டோடு கொடுத்த டோக்கன்களைப் போட்டு ஆட வேண்டும். வரிசையாக நின்ற மெஷின்களும் அந்தச் சத்தமும் எங்கள் பஸ் ஸ்டாண்டு தகரக் கூரையை அப்படியே கொண்டு வந்துவிட்டன. ஒரு நிமிடம், யார் காதையாவது பிடிக்க வேண்டும் போல் கை பரபரத்தது.

அங்கேதான் ஒருவரைப் பார்த்தேன். ஒரு மெஷினின் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தார். சுற்றி நாலைந்து பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. நான் போய், "இத்தனை பிள்ளைகள் தினமும் அடித்தால் இது கெட்டுப்போகாதா?" என்று கேட்டேன். கெட்டுப்போகும், பட்டன்தான் முதலில் போகும், மாற்றுவோம், அதற்குத்தானே நான் இருக்கிறேன் என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக் குனிந்துகொண்டார்.

எனக்கு அங்கேயே ஓரமாக உட்கார வேண்டும் போல் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு எங்கள் பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கும். நுழைந்ததும் இடது பக்கம் பச்சை நிற இரும்பு பீரோ. அதன் மேல்தட்டில் ஒரு சி.ஆர்.ஓ. இருந்தது. கேதோடு ரே ஆஸிலோஸ்கோப், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அலைவுகாட்டி. 1997ல் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்தது. சுற்று வட்டாரத்தில் வேறெந்தப் பள்ளியிலும் அப்போது கிடையாது. வந்த அன்று தலைமை ஆசிரியர் அறையில் வைத்து ஒருமுறை போட்டோம். பச்சைப் புள்ளி ஒன்று திரையில் இடமிருந்து வலமாக ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றினேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் மேஜை டிராயரில்.

அடுத்த வருடம் பதினோராம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். அந்த கேம் கடையில் நான் அதிகம் பிடித்ததே அவனைத்தான். ஒருநாள் காதைப் பிடித்து இழுத்து வரும் வழியிலேயே கேட்டான்: "சார், அந்தப் பொம்மையை டிவி எப்படி சார் நகத்துது? நாம இங்கன கம்பியை ஆட்டுனா அங்கன எப்படி சார் தெரியும்?" எவ்வளவு நல்ல கேள்வி. பதில் என் பீரோவில் இருந்தது. எலக்ட்ரான் கற்றையை மின்புலம் எப்படித் திருப்புகிறது என்று அந்தப் பச்சைப் புள்ளியை வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம், குமிழை அவன் கையிலேயே கொடுத்திருக்கலாம். நான் சொன்ன பதில்: "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, போய் படிக்கிற வழியைப் பாரு." அவன் இன்னொரு முறை கேட்கவில்லை.

2015ல் ஓய்வு பெற்றேன். பொறுப்பு ஒப்படைக்கும்போது புதிய ஆசிரியரும் நானும் ரெஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொரு பொருளாக எண்ணினோம். சி.ஆர்.ஓ. அட்டைப் பெட்டியிலேயே இருந்தது, தெர்மோகோல் கூட உடையவில்லை. அவர் ஆசையாக, "ஒரு தடவை போட்டுப் பாப்போமா சார்?" என்றார். போட்டோம். ஹூம் என்று ஒரு சத்தம், லேசாக ஒரு வாடை. பச்சைப் புள்ளி வரவில்லை. மின்தேக்கிகளில் எலக்ட்ரோலைட்டிக் வகை வருடக்கணக்காக மின்சாரம் படாமல் கிடந்தால் கெட்டுப்போகும். இதை நானே பாடத்தில் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வருடம் ஒரு பிள்ளையின் கை படாமல் நான் காப்பாற்றிய பொருள் உள்ளுக்குள் செத்துப் போயிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ரெஜிஸ்டரில் 'நல்ல நிலையில் உள்ளது' என்ற வரிக்கு எதிரே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில் கூட.

என் பக்க நியாயத்தையும் சொல்கிறேன். நான் கஞ்சன் இல்லை, பயந்தாங்கொள்ளி. ஆசிரியர்களுக்குத் தெரியும், லேப் பொருள் ஒன்று உடைந்தால் என்ன பாடு என்று. யார் உடைத்தது, எப்போது, ஏன் கண்காணிக்கவில்லை, தொகையை யாரிடம் வசூலிப்பது என்று ஆடிட்டில் கேள்வி மேல் கேள்வி வரும். ஒரு பீக்கர் உடைந்ததற்கு நான் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம். ஆனால் ஒரு கருவி வருடம் முழுக்க ஒரு மாணவன் கையில் கூடப் போகவில்லை என்றால் யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பயன்படுத்தினால் தண்டனை, பூட்டி வைத்தால் நல்ல பெயர் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவு இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம். அந்த மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். நன்றாகவே பேசுவேன்.

இவ்வளவுக்கும் தொட்டுப் பார்க்கும் மியூசியம் எனக்குப் புதிதல்ல. நம் திருநெல்வேலியிலேயே கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987லிருந்து இருக்கிறது. கைப்பிடியைச் சுற்று, பட்டனை அழுத்து என்றுதான் அங்கே எழுதியிருக்கும். வருடா வருடம் பிள்ளைகளை அழைத்துப் போனேன். அங்கேயும் போய், "டேய், எதையும் தொடாதீங்கடா, வரிசையில போங்க" என்று கத்தியவன் நான்தான். தொடச் சொல்லி அவர்கள் வைத்திருக்கிறார்கள், தொடாதே என்று நான் காவல் காக்கிறேன்!

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஃபிரிஸ்கோவிலும் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடவில்லை. கண்ணாடிக்குள்ளும் நிறைய இருக்கிறது. செகா நெப்டியூன் என்று ஒரு கருவி, விற்பனைக்கே வராமல் மாதிரியோடு நின்றுபோனது. அதைக் கண்ணாடிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சரிதான். மாற்ற முடியாததைப் பூட்டு, மாற்ற முடிந்ததைக் கையில் கொடு, உடைந்தால் ரிப்பேர் செய்ய ஒரு ஆளை வை. இந்தப் பிரிவினையைச் செய்ய நமக்கு என்ன கஷ்டம்? என் பீரோவில் இருந்தது எதுவும் உலகத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சிய பொருள் அல்ல. கால்வனாமீட்டரும் லென்ஸும் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு லேபிலும் வருடத்துக்கு இத்தனை சதவீதம் தேயும், உடையும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கழித்துவிட வழி செய்யுங்கள். ஸ்டாக் ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் ரிப்பேர் ரெஜிஸ்டர் என்று ஒன்று வையுங்கள். ஆய்வுக்கு வருகிற அதிகாரி, அது காலியாக இருந்தால் ஏன் காலி என்று கேட்கட்டும். கல்வித்துறையில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. பேரனின் டேப்லெட்டை வாங்கி, வீடியோ கேம் முதலில் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

1958 அக்டோபர். நியூயார்க் மாநிலத்தில் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். அங்கே கருவிகள் பிரிவுக்குத் தலைவர் வில்லியம் ஹிகின்பாதம். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர், பிற்பாடு அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் பாடுபட்டவர். வருடா வருடம் ஊர் ஜனங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். படங்களும் அசையாத கருவிகளும் மட்டும் வைத்தால் வருகிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இருந்த அனலாக் கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில், எறிந்த பொருளின் பாதையைக் கணக்கிடும் வழி இருந்தது. அதை வைத்து ஒரு டென்னிஸ் ஆட்டத்தைச் செய்தார். ராபர்ட் ட்வோராக் என்ற தொழில்நுட்பர் அதைக் கட்டிக் கொடுத்தார். பக்கவாட்டில் இருந்து பார்த்த டென்னிஸ் மைதானம், நடுவே வலை, பரவளையமாகப் போய் விழும் பந்து. குமிழைத் திருப்பினால் கோணம், பட்டனை அழுத்தினால் அடி. ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்று ஆடியிருக்கிறார்கள். அடுத்த வருடம் நிலாவின் ஈர்ப்பில் எப்படி, வியாழனின் ஈர்ப்பில் எப்படி என்றும் ஆட வைத்தார். பிறகு பாகங்கள் வேறு வேலைக்கு வேண்டுமென்று பிரித்து எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆட்டம் எந்தத் திரையில் நடந்தது தெரியுமா? ஐந்து அங்குல ஆஸிலோஸ்கோப் திரையில். சி.ஆர்.ஓ.வில்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பழைய ஆட்டங்களுக்கும் இப்போது ஒரு பீரோ இருக்கிறது என்பதையும் அன்றுதான் படித்தேன். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. நூலகங்கள் சேர்த்து வைத்திருக்கின்றன, ஆனால் ஆராய்ச்சியாளர் நேரில் அங்கே போக வேண்டும். புத்தகம், படம் போல் தூரத்தில் இருந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, ஆராய்ச்சி என்று வாங்கிப் பொழுதுபோக்காக விளையாடிவிடுவார்கள் என்பது. விளையாட்டை யாராவது விளையாடிவிடுவார்களோ என்று பயம்! படித்ததும் சிரித்தேன். பிறகு என் மேஜை டிராயர் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. கம்பெனிகளின் பிழைப்பு அவர்களுக்கு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்றால், அட்டைப் பெட்டிக்குள் மின்தேக்கி காய்வதைப் போலத்தான் இதுவும் ஆகும். ஆடாத ஆட்டத்தைப் பாதுகாத்து என்ன பயன்? பிளாஸ்டிக் டப்பாவையா பார்த்துக்கொண்டிருப்பது?

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெற்றோர்கள் சண்டைக்கு வருவீர்கள். பிள்ளைகள் நாள் முழுக்க போனில் மூழ்கிக் கிடப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பழைய மெஷினில் காசு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது, நடந்து வீட்டுக்கு வர வேண்டும். இன்றைய போன் ஆட்டம் தீர்வதே இல்லை, தீராதபடிதான் செய்கிறார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகத் திட்டி எழுதுகிறேன். ஆனால் காதைப் பிடித்து இழுத்த எனக்கு, இழுப்பதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அந்த ஒரு ரூபாயைப் போட்டு ஆடிப் பார்க்கத் தோன்றியிருக்கலாம். எதைத் தடுக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

நேற்று காலை (அங்கே ராத்திரி) பள்ளிக்கு இப்போது லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு போன் செய்தேன். நான் ஒப்படைத்தவருக்கு அடுத்து வந்தவர், சின்ன வயது. சி.ஆர்.ஓ. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அப்படியே இருக்கு சார், பீரோவுலதான். வேலை செய்யல. கழிச்சு விட்றலாம்னா முடியல. ரெஜிஸ்டர்ல நல்ல நிலைன்னு இருக்கே சார்" என்றார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வரிக்கு எதிரே இருக்கும் கையெழுத்து யாருடையது என்பது அவருக்கும் தெரியும். மரியாதைக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் ஊர் திரும்புகிறேன். என் மாணவர்களில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். டிவி மெக்கானிக், செல்போன் சர்வீஸ், சென்னையில் பெரிய கம்பெனியில் இன்ஜினியர் என்று. பழைய அனலாக் சி.ஆர்.ஓ., ஒற்றைக் கற்றை, பத்து மெகாஹெர்ட்ஸ். மின்தேக்கிகளை மாற்றினால் போதும் என்பது என் ஊகம், பிக்சர் டியூப் போயிருக்காது. உயர் மின்னழுத்தம் உள்ள பொருள், அனுபவம் உள்ளவர்தான் திறக்க வேண்டும். சாமான் செலவு என்னுடையது. தலைமை ஆசிரியரிடம் அனுமதிக்கு நானே கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், அதில் 2015ல் நான் போட்ட கையெழுத்து தவறு என்பதையும் எழுதுவேன். புள்ளி ஓட ஆரம்பித்துவிட்டால், சின்ன ஆர்டுயினோ போர்டு ஒன்றை இணைத்து அந்த 1958 டென்னிஸை அதில் ஓட்டலாம் என்று பேரன் சொல்கிறான். செய்முறை இணையத்திலேயே இருக்கிறதாம்.

முன்வருபவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். அந்தப் பதினோராம் வகுப்புப் பையனும் இங்கே எங்காவது இருந்தால், இப்போது நாற்பது தாண்டியிருக்கும், அவசியம் எழுதவும். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்வதாக லேப் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.